சுறாவை ஏற்றிக்கொண்டு ஒரத்தநாட்டுப் பக்கம்

பிள்ளைகளே, சுறா என்றதும் கடலைப் பார்க்காதீர்கள். சுறா எங்கள் வீட்டுப் பசு. கோடியக்கரைக்குப் பக்கத்தில் மீன்பிடித்துப் பிழைக்கிற வீட்டில் ஒரு மாட்டுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? என் மகள் யாழினி வைத்த பெயர் அது.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். அந்த இரண்டு மாதத்தில் சும்மா இருக்க முடியாமல்தான் நான் சந்தைக்குப் போய் ஒரு மாடு வாங்கினேன். ஒரு மீன் நேற்றுப் பிடித்ததா இன்று பிடித்ததா என்று பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். மாட்டில் எனக்குத் தெரிந்ததெல்லாம் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்பது மட்டும்தான். காதில் ஒரு ஓட்டை இருந்தது. என்ன என்று கேட்டேன். "குடும்பத்து மாடுங்க, காது குத்தி வளத்தது" என்றார் தரகர். எவ்வளவு பாசமான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன். ஆளைப் பார்த்துத்தான் அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஓட்டை எதற்கு என்று இப்போது எனக்குத் தெரியும். அரசாங்கம் ஒவ்வொரு மாட்டுக்கும் பன்னிரண்டு இலக்கத்தில் ஓர் எண் கொடுக்கிறது. அந்த எண்ணை மஞ்சள் வில்லையில் அச்சடித்துக் காதில் மாட்டிவிடுவார்கள். எண்ணைச் செயலியில் போட்டால் மாடு யாருடையது, எந்த ஊர், என்ன ஊசி போட்டது என்று எல்லாம் வரும், புகைப்படத்தோடு. நமக்கு ஆதார் இருப்பது போல. மாடு மட்டும் தன் படம் நன்றாக விழவில்லை என்று வருத்தப்படாது.

சுறா வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலையில் யாழினி அவள் அம்மாவின் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றின் முகநூல் பக்கம். ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கே இருக்கிற எழுத்தர் நல்ல மனிதர், அவருக்குச் சங்கடம் வேண்டாம். அதில் 'காணவில்லை' என்று போட்டு, செவலைப் பசு, நெற்றியில் வெள்ளை, இடது கொம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கும் என்று எழுதி, கீழே படம் போட்டிருந்தார்கள். படத்தில் சுறா.

"அப்பா, நம்ம வீட்டுல இருக்கறது திருட்டு மாடா?" என்றாள் யாழினி.

"போனை ஆஃப் பண்ணிடுங்க. யாருக்கும் தெரியாது" என்றான் பத்து வயதுக் கவின்.

அதில் கொடுத்திருந்த எண்ணுக்கு மூன்று தடவை அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. நேரிலேயே போய்விடுவது என்று முடிவு செய்தேன், மாட்டோடு.

"போட்டோவைக் காட்டிக்கிட்டு நீ மட்டும் போயேன். மாடு எதுக்கு?" என்றாள் என் மனைவி.

"மாட்டோட போய் நின்னா எவன் திருடன்னு சொல்லுவான்?" என்றேன்.

இவ்வளவு தெளிவாக நான் யோசித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று அப்போது தோன்றியது. யாழினி சுறாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். "கொண்டு போறது சரிதான்பா. ஆனா நீ திரும்பக் கொண்டு வரணும்" என்றாள். கொண்டு வருகிறேன் என்று நானும் தலையாட்டிவிட்டேன். மாட்டுக்கு உரியவர் கேட்டால் என்ன செய்வேன் என்று யோசிக்கவில்லை.

முதல் நாள்

எங்கள் தெரு ஆரோக்கியத்திடம் ஒரு குட்டி யானை வண்டி இருக்கிறது. ஐஸ் மீன் ஏற்றுகிற வண்டி. அதன் வாசனை எங்களுக்குப் பழக்கம், சுறாவுக்குப் பழக்கமில்லை. நான்கு பேர் தள்ளினோம். ஆரோக்கியம் முன்கண்ணாடியில் தொங்குகிற ஜெபமாலையைத் தொட்டுக் கும்பிட்டார். கடைசியில் கவின் ஒரு கை வைக்கோலைக் காட்ட, தானாகவே ஏறிக்கொண்டது. நான்கு பெரிய ஆட்களும் வேர்வையைத் துடைத்துக்கொண்டோம்.

மன்னார்குடி தாண்டியதும் நான் வெளிநாட்டுக்கு வந்தவனைப் போல வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன். எங்கே பார்த்தாலும் தரை. ஒரு பக்கமாவது தண்ணீர் இல்லாத ஊரில் மனிதர்கள் எப்படித் திசை கண்டுபிடிக்கிறார்களோ! காற்றின் பெயரை வைத்து நான் வழி சொல்லும்போது ஆரோக்கியம் சிரித்தார். "கச்சான் பக்கம் திரும்பு, சோழகம் பக்கம் திரும்புன்னா இந்த ஊர்க்காரங்க அடிக்க வந்துடுவாங்கண்ணே. இங்க காத்தை வச்சு ரோடு போடலை."

அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்து கிடந்தன. அறுத்துவிட்ட நெல்லின் அடித்தாளில் மாடுகள் யார் வயல் என்று பார்க்காமல் மேய்ந்துகொண்டிருந்தன. எங்களுக்குக் கடல் எப்படியோ, கோடையில் இவர்களுக்கு வயல் அப்படி, எல்லாருக்கும் பொது. ஆனால் இடையிடையே பருத்தி போட்டிருந்தார்கள். மாடு அதில் வாய் வைத்தால் பிடித்துப் பவுண்டில் அடைத்துவிடுவார்களாம். பவுண்டு என்றால் மாட்டுக்கு லாக்கப்.

என் போனில் வரைபடத்தைப் போட்டு மடியில் வைத்திருந்தேன். அந்தப் பெண் குரல் வலது பக்கம் திரும்பச் சொன்னது.

"அண்ணே, வலது பக்கம் வாய்க்கா இருக்கு" என்றார் ஆரோக்கியம்.

"மேல சாட்டிலைட்லேருந்து பாத்துச் சொல்லுது. நீ கீழேருந்து பாத்துப் பேசறே. திருப்பு" என்றேன்.

திருப்பினார். வாய்க்கால் கரைமேல் வண்டி போனது. அரை மைலில் எதிரே மலை மாதிரி ஒரு பொக்லைன் நின்று தூர்வாரிக்கொண்டிருந்தது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. ஆரோக்கியம் இன்ஜினை அணைத்துவிட்டு, "சாட்டிலைட்டைக் கேளுங்கண்ணே, இப்ப என்ன பண்றதுன்னு" என்றார்.

அங்கே ஓர் இளம் பொறியாளர் போனில் வாய்க்காலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். படத்தின் அடியிலேயே இடமும் தேதியும் நேரமும் தானாக விழுந்தன. தூர்வாருவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று எடுத்துத் துறையின் முகநூல் பக்கத்தில் போட்டுவிடுவார்களாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வேலை செய்யாமலே செய்ததாக யாரும் எழுத முடியாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐந்து நிமிடம் நின்று அவரைப் பாராட்டினேன்.

"வண்டியைக் கொஞ்சம் நகர்த்துங்க, போட்டோல விழுது" என்றார்.

"நகர முடிஞ்சா நாங்க ஏன் சார் இங்க நிக்கறோம்?" என்றார் ஆரோக்கியம்.

"சரி இருக்கட்டும், மாடும் விழட்டும், கிராமம்னு தெரியும்" என்று அவர் எடுத்துவிட்டார். நான் சுறாவின் பக்கத்தில் போய் நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அரசாங்கப் படத்தில் விழுவது எனக்கு ஆதாருக்குப் பிறகு அதுதான் இரண்டாம் தடவை.

பொக்லைன் வழிவிடுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதோடு சுறாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. வீட்டில் கறப்பது என் மனைவி. நான் குனிந்து உட்கார்ந்து இழுத்தேன். ஒரு சொட்டு வரவில்லை. சுறா திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, பரிதாபம்தான் இருந்தது. சாலையோர டீக்கடை அம்மா வெளியே வந்து, "தள்ளுங்க, அது என்ன வலையா, அப்படிப் புடிச்சு இழுக்கறீங்க?" என்று சொல்லி ஐந்தே நிமிடத்தில் கறந்துவிட்டார். நான் மீன்காரன் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "வண்டி நாறுது" என்றார். அந்தப் பாலிலேயே கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டார். எங்களுக்கு மட்டும் ஒரு தட்டு மெதுவடை கூடவே வந்தது. நெல் விளைகிற ஊரில் உளுந்து வடைக்கு இவ்வளவு ருசி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நெல் அறுப்பதற்கு முன்பே ஈர வயலில் உளுந்தைத் தெளித்துவிடுவார்களாம், மிச்ச ஈரத்திலேயே அது விளைந்துவிடுமாம். எங்களிடம் மிச்சம் என்றால் அது கருவாடுதான்.

நாள் முழுக்க வரைபடம் போட்டு என் போன் அத்தோடு செத்துவிட்டது. ராத்திரி டீக்கடை வாசலிலேயே படுத்துக்கொண்டோம்.

இரண்டாம் நாள்

காலையில் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போகும் வழியெல்லாம் சனங்கள் எங்கள் வண்டியை நின்று பார்த்தார்கள். ஒருவர் சைக்கிளை நிறுத்திப் போனையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மாடு, பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுத்தர் பெயர் குமரேசன். எங்களைப் பார்த்ததும் வாசலுக்கே ஓடி வந்தார். "வாங்க வாங்க, உக்காருங்க. டேய், ரெண்டு டீ சொல்லு. ஃபேனைப் போடு." நான் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். பார்த்தாயா மரியாதையை என்று அர்த்தம்.

குமரேசன் சுறாவின் நெற்றியைப் பார்த்தார், கொம்பைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "அதேதான், அச்சு அசல்" என்றார். பிறகு, "மாட்டுப் பக்கத்துல நில்லுங்க சார், பேஜ்ல போடணும்" என்றார். நேர்மையாக மாட்டைத் திருப்பிக் கொண்டுவந்தவரின் படம் என்று போடப் போகிறார்கள். தலையைத் தடவிச் சீவிக்கொண்டேன். சுறாவின் முதுகில் கையை வைத்தேன். பல் தெரியச் சிரித்தேன்.

அவர் போனில் எழுதுவதை ஆரோக்கியம் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. என் காதில் வந்து படித்துச் சொன்னார். "திருடுபோன பசு மீட்பு. பசுவைக் கடத்திச் சென்ற நபர் பிடிபட்டார்."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நடந்தது இதுதான். வாய்க்கால் படத்தில் எங்கள் வண்டியும் சுறாவின் தலையும் தெளிவாக விழுந்திருந்தன. அதைப் பார்த்த யாரோ, 'பின்னால் வண்டியில் போவது காணாமல் போன மாடு அல்லவா?' என்று அடியில் எழுதிவிட்டார்கள். இடமும் நேரமும் படத்திலேயே இருக்கின்றன. ராத்திரிக்குள் ஊர் முழுக்கச் செய்தி. நாங்கள் ஓடிவிடக் கூடாது என்றுதான் டீ சொல்லியிருக்கிறார். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"சார், நான் சந்தையில வாங்கினேன். திருப்பிக் குடுக்கத்தான் கொண்டு வந்தேன்" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்லுவாங்க" என்றார் குமரேசன் மரியாதையாக.

அப்போதுதான் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்தார். பெயர் தமிழரசி. குமரேசனின் செயலியில் சுறாவின் படத்துக்குக் கீழே உரிமையாளர் என்று இருந்த பெயர் அதுதான். சுறாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "ராணி!" என்றார். சுறா திரும்பிப் பார்த்தது.

"போச்சுண்ணே" என்றார் ஆரோக்கியம்.

ஆனால் தமிழரசி சுறாவிடம் வரவில்லை. கன்றுக்குட்டி அவரை அலுவலகத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனது. அங்கே இரும்புக் கதவு போட்ட பவுண்டு. உள்ளே இன்னொரு செவலைப் பசு கத்திக்கொண்டு நின்றது. கம்பி இடுக்கு வழியாகக் கன்று தலையை நுழைத்துப் பால் குடித்தது. தினமும் இரண்டு வேளை இப்படிக் கொண்டுவந்து குடிக்க விடுகிறாராம். குமரேசன் மனிதாபிமானத்தில் அனுமதித்திருக்கிறார்.

"கன்னுக்குட்டி குடிக்குதே சார், அப்ப அது இவங்க மாடுதானே?" என்றேன். என் வழக்கையே மறந்துவிட்டேன்.

குமரேசன் பெருமூச்சு விட்டார். "அங்கதாங்க சிக்கல். இந்த மாடு பருத்தி மேஞ்சு மாட்டிக்கிச்சு. இது கழுத்துக் கயித்துல இந்த அக்கா நம்பர் தொங்குது. காதுல இருக்க வேண்டியது ஏன் கழுத்துல தொங்குது? நம்பரைப் போட்டா வேற மாட்டோட போட்டோ வருது. என்ன அர்த்தம்? எவனோ இந்த அக்கா மாட்டைத் திருடிட்டு, அதோட நம்பரை இதுல மாட்டி விட்டிருக்கான். நான்தான் கண்டுபிடிச்சேன். அதான் பேஜ்ல போட்டேன்." பிறகு தமிழரசியைப் பார்த்து, "அக்கா, உங்க மாடு கிடைச்சாச்சு. கையெழுத்துப் போட்டுட்டு இதைப் புடிச்சிக்கிட்டுப் போங்க. உள்ள இருக்கறது யாரோடதுன்னு தெரியல. இன்னும் மூணு நாள் பாத்துட்டு ஏலம்" என்றார்.

பிள்ளைகளே, இப்போது நிலைமையைப் பாருங்கள். தமிழரசி பேசாமல் கையெழுத்துப் போட்டால் எனக்குச் சுறா இல்லை, கன்றுக்குட்டிக்குத் தாய் இல்லை. அவருக்கு மட்டும் ஒரு மாடு உண்டு. அரசாங்கமே கையில் பிடித்துக் கொடுக்கிற மாடு.

அவர் பேனாவை வாங்கவில்லை.

"சார், இது என் மாடுதான். ஆனா இப்ப என் மாடு இல்ல. சித்திரையில தரகர்கிட்ட வித்துட்டேன்."

"வித்துட்டீங்களா? அப்ப நம்பர் எப்படி இங்க இருக்கு?"

தமிழரசி தரையைப் பார்த்தார். "மாட்டை விக்கறப்ப கயித்தைக் குடுப்போமா சார்? அவுத்து வச்சுக்கிட்டுத்தானே மாட்டைக் குடுப்போம்? கயிறு போனா கொட்டகையில மாடு தங்காதும்பாங்க. நம்பரும் எங்க வீட்டுப் பேர்லதானே இருக்கு, ரேஷன் கார்டு மாதிரி. அது மட்டும் அசலூர்க்காரனுக்குப் போகலாமான்னு நான்தான் வெட்டி எடுத்து வச்சுக்கிட்டேன். அப்புறம் எங்க அண்ணன் வீட்டுலேருந்து இது வந்துச்சு. அதுக்குக் கட்டி விட்டேன்."

நான் வாங்கும்போது தரகர் புத்தம் புதுக் கயிற்றில் கட்டிக் கொடுத்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கடையில் பை கொடுப்பது போல என்று நினைத்திருந்தேன்.

"இதை ஏங்க்கா நாலு நாளா சொல்லல?" என்றார் குமரேசன்.

"வில்லையை அறுத்தா ஜெயிலுன்னு டீக்கடையில பேசிக்கிட்டாங்க சார். புள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? ரெண்டு வேளையும் கன்னைக் கொண்டாந்து காட்டினேன். அதைப் பாத்தாவது உங்களுக்குப் புரியும்னு பாத்தேன்."

"நான் போட்டோவைத்தான் பாத்தேன்" என்றார் குமரேசன் மெதுவாக.

கன்றுக்குட்டி செயலியைப் பார்க்கவில்லை, நேரே தாயிடம் போனது. நாங்கள் மூன்று பேரும், தமிழரசி ஒரு விதமாக, நான் ஒரு விதமாக, குமரேசன் ஒரு விதமாக, சுற்றிக்கொண்டு வந்திருக்கிறோம்.

குமரேசன் முகநூல் பக்கத்தைத் திறந்து என் படத்தை எடுத்துவிட்டுத் திருத்தம் போட்டார். அதற்குள் அது எத்தனையோ போனுக்குப் போய்விட்டது. என் சிரிப்பு அவ்வளவு நன்றாக விழுந்திருந்ததாம்.

பவுண்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள். ஆனால் பதிவைத் திருத்த வேண்டியது கால்நடை மருத்துவர். அங்கே போனால் சர்வர் வேலை செய்யவில்லை. நாளைக் காலை வரச் சொன்னார்கள். ஆரோக்கியத்துக்குத் தஞ்சாவூரில் ஒரு லோடு இருந்தது. "மதியம் வந்து ஏத்திக்கறேண்ணே. வீட்டுக்கும் சொல்லிடறேன்" என்று கிளம்பினார். அவர் சொன்னதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 'அண்ணனை அங்கேயே இருக்கச் சொல்லிட்டாங்க' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பிடிபட்டார் என்ற படத்தைப் பார்த்த வீட்டுக்கு இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்!

தமிழரசி வீட்டில்தான் சாப்பாடு. எனக்காகவே விரால் மீன் குழம்பு வைத்திருந்தார்கள். கடல் மீன் தின்றே வளர்ந்த நாக்கு. குளத்து மீனை வாயில் வைத்ததும் மழை பெய்த வயலைக் கடித்த மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் தமிழரசியின் கணவர்.

"பிரமாதம்" என்றேன். இன்னும் இரண்டு துண்டு வைத்துவிட்டார். நான் கொண்டுபோன நெத்திலிக் கருவாட்டை வறுத்து அவர்களுக்கு வைத்தார்கள். அவரும் "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். சமமாகிவிட்டது.

தமிழரசி மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. "நாளைக்கு டாக்டரம்மா என்ன சொல்லுவாங்களோ" என்றார்.

மூன்றாம் நாள்

டாக்டரம்மா ஒரத்தநாட்டுக் கால்நடைக் கல்லூரியில் படித்தவராம். தமிழரசி சொன்னதை முழுக்கக் கேட்டார். ஜெயில் என்றதும் சிரித்தார், பிறகு திட்டினார்.

"கயிறு உங்களோடதும்மா, வச்சுக்குங்க. நம்பர் மாட்டோடது. அது எங்க போனாலும் கூடவே போகணும். நாளைக்கு ஒரு நோய் வந்தா எந்த மாட்டுக்கு ஊசி போட்டோம், எதுக்குப் போடலன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"இனிமே செய்ய மாட்டேம்மா" என்றார் தமிழரசி. நேற்றிலிருந்து அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

அவருடைய மாட்டுக்குப் புது வில்லை போட்டுப் படம் எடுத்தார்கள். அடுத்தது சுறா. பழைய பதிவிலிருந்து என் பெயருக்கு மாற்ற வேண்டும். தமிழரசியின் போனுக்கு ஓர் எண் வந்தது, அவர் சொன்னார், முடிந்தது. "இப்ப உங்களுக்கு வரும். ஆதாரோட சேத்த போன் எது?" என்றார் டாக்டரம்மா.

ஆதாரோடு சேர்த்தது என் மனைவியின் போன். அது கோடியக்கரைப் பக்கம், யாழினியின் கையில். என் போனோ முந்தாநாள் செத்தது. அதன் பழைய காலத்து ஓட்டைக்குத் தமிழரசி வீட்டில் இருந்த எந்த வயரும் பொருந்தவில்லை. டாக்டரம்மா தன் சொந்தப் போனில் எங்கள் வீட்டு எண்ணைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"யாழினி, அப்பா பேசறேன். இப்ப ஆறு நம்பர் வந்திருக்கும் பாரு. சொல்லும்மா."

"யாருங்க நீங்க?" என்று கேட்டாள்.

"அப்பாதாம்மா!"

"எங்கப்பா நம்பர் இது இல்ல. குரலை வச்சு நம்பாதீங்கன்னு ஸ்கூலுக்கு வந்த போலீஸ் அக்கா சொன்னாங்க. கம்ப்யூட்டரே அப்பா குரல்ல பேசுமாம். ஓடிபி கேக்குமாம்."

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். யார் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லாதே என்று அவளுக்கு வீட்டில் மறுபடி மறுபடி சொன்னவன் நான்தான்.

"என் பேரு முருகையன். உன் தம்பி பேரு கவின்" என்றேன்.

"அதெல்லாம் ரேஷன் கார்டுலயே இருக்கு."

பின்னாலிருந்து கவினின் குரல் கேட்டது. "அம்மா எதுக்கெல்லாம் அப்பாவைத் திட்டுவாங்கன்னு கேளு!"

"எதுக்குத் திட்ட மாட்டாங்கன்னு கேளுடா!" என்று கத்தினேன். அதற்குள் நேரம் முடிந்து எண் காலாவதியாகிவிட்டது. டாக்டரம்மா இரண்டாவது எண்ணை அனுப்பினார்.

யாழினியின் குரல் இப்போது நடுங்கியது. "எங்கப்பான்னா, சுறா எங்க?"

"இதோ பக்கத்துல நிக்குது."

"பேசச் சொல்லுங்க."

போனைச் சுறாவின் வாயருகே கொண்டுபோனேன். அது அசை போட்டுக்கொண்டிருந்தது. பேசும்மா, பேசு என்று கெஞ்சினேன். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குள் தமிழரசியின் மாடு தன் கன்றைப் பார்த்து 'அம்மா' என்று நீளமாகக் கத்தியது.

"இது சுறா இல்ல!" என்றாள் யாழினி. "எங்கப்பாவை என்ன பண்ணீங்க? சுறாவை என்ன பண்ணீங்க?" அழுதுவிட்டாள்.

இரண்டாவது எண்ணும் போனது. "இன்னொரு தடவைதாங்க அனுப்பலாம். அதுவும் போச்சுன்னா நாளைக்குத்தான்" என்றார் டாக்டரம்மா. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். தமிழரசி என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"பாப்பா, அழாத. நான் இந்த மாட்டை முன்னாடி வச்சிருந்தவ. நான் சொன்னாலும் நீ நம்ப மாட்டே. நீ அதை எப்படிக் கூப்பிடுவியோ அப்படிக் கூப்பிடு. நான் போனை அது காதுகிட்ட வைக்கிறேன்."

கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சுறா... ஏய் சுறா... தண்ணி வச்சிருக்கேன், வா" என்றாள், மிக மெதுவாக.

சுறா அசை போடுவதை நிறுத்தியது. ஒரு காது முன்னால் வந்தது. போனைச் சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தது. பிறகு அடித்தொண்டையிலிருந்து, குறைவாக, நீளமாக ஒரு குரல் கொடுத்தது. வீட்டில் சாயங்காலம் யாழினி குடத்தோடு வரும்போது கொடுக்கிற குரல் அது. அது வேறு குரல் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது.

டாக்டரம்மா மூன்றாவது எண்ணை அனுப்பிவிட்டு, ஆபீஸ் போனில் ஓடுகிற வினாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு" என்றாள் யாழினி. "ரெண்டு. ரெண்டு. சைபர். அஞ்சு. எட்டு."

டாக்டரம்மா தட்டினார். திரையில் பச்சை வந்தது. சுறாவின் படத்துக்குக் கீழே என் பெயர்.

"ஏறிடுச்சா?" என்றாள்.

"ஏறிடுச்சும்மா."

"சரி. அந்த நம்பரை வேற யாருக்கும் சொல்லிடாதப்பா" என்றாள்.